ஊராராய்ச்சியும் ஊர்க்குறையும்

நாட்டின் குறைகளைக் களையவேண்டுமென்று மேடையேறிப் பேசுவோர் பலர். அக்குறை யாது, அஃது எவ்வூரில் எத்தெருவில் எத்துணை வீட்டினரைப் பற்றியுளது என்று நேரிற் சென்று கண்டெழுதுவோர் மிகச் சிலர். இவ்விரண்டாவது தொழிலையே இக்காலத்தார் சமூகவியல் ஆராய்ச்சி என வழங்குகின்றனர். அது மேனாட்டிலிருந்து வந்த புதுக்கலை என்றும், பல்கலைக்கழகத்தார்க்கே உரியது என்றும், ஊரில் வாழும் நம்மனோர்க்கு அதனால் ஆவதென்னை என்றும் நம்மவருட் சிலர் வினவக் கேட்டிருக்கின்றோம். ஆதலின், நமது தொண்டைநாட்டிலும் அதன் அயலிலும் அவ்வாராய்ச்சி எவ்வாறு தோன்றிற்று, எக்குறையை நீக்கிற்று, எவ்விடத்துத் தளர்ந்தது என்பவற்றை இக்கட்டுரையில் ஒருவாறு காட்டப் புகுகின்றோம்.

அளத்தலும் எழுதிவைத்தலும் நம் நாட்டிற்குப் புதியனவல்ல. முதலாம் இராசராசன் (985-1014) தன் ஆட்சியில் சோழநாட்டு நிலமுழுவதையும் அளப்பித்தான். அவன் எடுப்பித்த தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுக்களில், ஊர்தோறும் வரியிறுக்கும் நிலம் இவ்வளவு, வரி நீங்கிய நிலம் இவ்வளவு எனப் பிரித்துக் கூறப்பட்டிருக்கின்றது. வரி நீங்கிய நிலவரிசையில் ஊர்நத்தம், குளம், சுடுகாடு முதலியவற்றோடு கம்மாணச்சேரி, பறைச்சேரி என்பனவும் வருகின்றன. சேரி நின்ற நிலத்தின் அளவு நுட்பமாக எழுதப்பட்டுளது. அச்சேரியில் வாழ்ந்த மக்கள் எத்துணையர், அவர் உண்டது யாது என்பது எழுதப்படவில்லை. இஃது அவ்வரசன் குற்றமன்று. வரி கொள்ளுதற்கு எண்ணுவோன் வரிக்கு வேண்டுவதனையே எண்ணுவான். எனவே ஒரு கணக்கைக் காணுங்கால், அஃது எதன்பொருட்டு எடுக்கப்பட்டது என்பதனை முதற்கண் வினவுதல் வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கும்பினியார் நவாபினிடமிருந்து செங்கற்பட்டுச் சீமையை ஜாகீராகப் பெற்றபின், 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்பவர் சற்றொப்ப இரண்டாயிரம் ஊர்களின் விவரங்களைத் திரட்டினார். வீடுகள், குடிகளின் தொழில், ஏரி, தோப்பு, களத்துநெல்லில் இன்னின்னார்க்கு உரிய பங்கு ஆகியன அவற்றில் விரிவாக உள. இவ்வேடுகள் இன்று வரலாற்றாசிரியர்க்குப் பெருஞ்செல்வம். எனினும் இவையும் வருவாயின்பொருட்டு எழுந்தனவே. ஒரு குறையைக் கண்டு, அதன் காரணத்தை ஆராய்ந்து, தீர்வு கூறும் நோக்கத்தோடு நம் பக்கத்தில் எழுந்த ஆவணம் அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே பிறந்தது.

அது 1891ஆம் ஆண்டில், செங்கற்பட்டு ஜில்லாக் கலெக்டராயிருந்த திரமென்கீர் என்னும் ஆங்கிலேயர் அரசாங்கத்திற்கு எழுதியனுப்பிய, செங்கற்பட்டுப் பறையரைப் பற்றிய குறிப்பு. நெமிலிச்சேரியும், அதனைச் சூழ்ந்த பட்டாபிராம், திருநின்றவூர், ஆவடி முதலிய ஊர்களும் அக்காலத்தில் அந்த ஜில்லாவுக்கு உட்பட்டனவே. திருவள்ளூர் தனிமாவட்டமானது 1997இல்தான். ஆகவே அவர் எழுதியது நம் முன்னோர் வாழ்ந்த தெருக்களின் வரலாறேயாம்.

அவர் கண்டது யாது? பண்ணையாட்கள் வறியர் என்பது எல்லாரும் அறிந்தது. அதனைச் சொல்லுதற்கு ஆராய்ச்சி வேண்டுவதில்லை. அவர் ஏன் வறியராகவே இருக்கின்றனர் என்பதற்கு அவர் மூன்று காரணங்களைத் தொடர்புபடுத்திக் காட்டினார். முதலாவது, குடியிருக்கும் மனை அவர்க்குச் சொந்தமன்று. அது மிராசுதாரருடையது, கூலி போதாதென்று வாய்திறந்தால் மனையை விட்டு நீங்கவேண்டும். இரண்டாவது, கடன். திருமணம், நோய் முதலிய செலவுகளுக்கு வாங்கிய சிறுதொகை தலைமுறை தலைமுறையாக அவரைப் படியாளாகப் பிணித்தது. மூன்றாவது, தரிசுநிலம் ஏராளமாகக் கிடந்தும் அவர் அதனைப் பெற வழியில்லை. தரிசுக்கு விண்ணப்பம் செய்யும் தர்க்காஸ்து விதியில், ஊர்நிலத்திற் பங்குரிமையுடைய மிராசுதாரர்க்கே முதலுரிமை வழங்கப்பட்டிருந்தது. விதி எழுதியவர் எவரையும் ஒடுக்க நினைத்திருக்கமாட்டார். ஆயினும் அவ்விதி நடந்த வகையில் ஒரு கதவு ஒரு சாரார்க்கே என்றும் அடைத்திருந்தது.

இவ்வாறு, ஒருவனது சோம்பலென்றும் ஊழென்றும் அதுவரை பேசப்பட்ட வறுமையை, மனை, கடன், நில விதி என்னும் மூன்று முடிச்சாகப் பிரித்துக் காட்டியதே அக்குறிப்பின் பெருமை. முடிச்சு எங்கே உளது என்று தெரிந்தாலன்றோ அவிழ்க்கலாகும்? திருவள்ளூரை அடுத்த ஈக்காட்டில் தொண்டு செய்த வில்லியம் கூடி போன்ற கிறித்தவப் பாதிரிமாரும் இத்துயரை அக்காலத்தே எழுதி வெளிப்படுத்தினர். இவற்றின் பயனாக 1892 செப்டம்பர் 30ஆம் நாள் சென்னை அரசாங்கத்தார் 1010 என்னும் எண்ணுடைய ஆணை பிறப்பித்தனர். அதன்வழித் தாழ்த்தப்பட்ட வகுப்பினர்க்குத் தரிசுநிலங்கள் வழங்கப்பட்டன. பத்தாண்டு வரை அந்நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன்பின்னும் அவ்வகுப்பினர்க்கன்றிப் பிறர்க்குக் கைமாற்றலாகாது. மீறின் அரசாங்கம் மீட்டுக்கொள்ளும் என நிபந்தனையும் விதிக்கப்பட்டது. பஞ்சமி நிலம் என இன்று நாம் கேள்வியுறுவது இதுவே. இவ்வாறு வழங்கப்பட்டது சற்றொப்ப 12 லட்சம் ஏக்கர் எனப் பொதுவாகக் கூறுவர்.

ஓர் ஆராய்ச்சி ஓர் ஆணையாயிற்று, ஆணை நிலமாயிற்று. இம்மட்டில் கதை முடிந்திருப்பின், ஆராய்ச்சியின் வெற்றிக்கு இதனினுஞ் சிறந்த சான்று வேறில்லை எனலாம். ஆனால் முடியவில்லை. கொடுத்த நிலம் கொடுத்தார் கையில் இருக்கின்றதா என்று பத்தாண்டுக்கொருமுறை ஊர்தோறும் சென்று பார்த்து எழுதும் ஏற்பாடு செய்யப்படவில்லை. நிபந்தனை தாளில் இருந்தது. நிலம் கடனுக்கும் அச்சத்திற்கும் அறியாமைக்கும் ஈடாகக் கைமாறிற்று. நூறாண்டு கழிந்து, மாமல்லபுரத்தை அடுத்த காரணை என்னும் ஊரில் பஞ்சமி நிலத்தை மீட்கவேண்டுமென்று எழுந்த கிளர்ச்சியில், 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டில் போலீசார் சுட்டு இளைஞர் இருவர் உயிர் துறந்தனர். 1892இல் தீர்ந்ததென்று எண்ணிய குறை தீரவில்லை என்பதனை நாடு அறிந்தது ஆராய்ச்சியால் அன்று, குருதியால் என்பது நினைக்குந்தோறும் நெஞ்சை வருத்துகின்றது.

மருத்துவன் ஒருமுறை நாடி பார்த்து மருந்து கொடுத்துவிட்டு, நோயாளன் பிழைத்தானா என்று பின்னொருகாற் பாராது போவானாயின் அவனை நாம் யாதென்போம்? ஊர்க்குறையை ஆராய்வார்க்கும் அஃதே. ஒருமுறை காண்டல் பாதிவேலை. மீண்டுஞ் சென்று காண்டலே முழுவேலை. அம்முழுவேலையை ஒருவாறு நிறைவேற்றிய வரலாறும் நம் தமிழ்நாட்டிலேயே உளது. அதனையும் கூறுவாம்.

1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்தின் முதற் பேராசிரியராக அமர்ந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். அதற்கு முன்னர் ஆக்ஸ்பர்டில் தொழிலாளர் கல்விக்கென அமைந்த ரஸ்கின் கல்லூரியின் தலைவராயிருந்தவர். இங்கிலாந்தில் ஊர்ப் பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டு உழவர் நிலமிழந்த வரலாற்றை 1907இல் நூலாக எழுதியவர். இங்கிலாந்தின் பொருள்நூலை வைத்து இந்திய ஊரை விளக்கலாகாது என்பது அவர்க்கு வந்தவுடன் விளங்கிற்று. இந்திய ஊரைப் பற்றியோ நூலில்லை. எனவே அவர் ஓர் எளிய வழி கண்டார். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணாக்கர் கையில் ஒரு வினாத்தாளைக் கொடுத்து, நிலம் யார்யாரிடம் எவ்வளவு உளது, கூலி என்ன, விலைவாசி என்ன, கடன் எவ்வளவு, எதற்காகப் பட்டது என வீடுதோறும் கேட்டு எழுதிவரச் செய்தார். ஊரார்க்குத் துரையிடம் சொல்லக் கூசியதனைத் தம் ஊர்ப் பிள்ளையிடம் சொல்லக் கூச்சமில்லை. இவ்வாறு 1916 முதல் திரட்டியவை 1918இல் தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய நூலாக வெளிவந்தன.

அந்நூலில் ஆராயப்பெற்ற தமிழ்நாட்டு ஊர்களுள் சிறந்தன ஐந்து. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடவார்க்காட்டுத் தூசி, தஞ்சைப் பாலக்குறிச்சி, இராமநாதபுரத்து வடமலைபுரம், திருநெல்வேலிக் கங்கைகொண்டான் என்பன அவை. இவற்றுள் தூசி நமக்கு அணித்து. காஞ்சிபுரத்திலிருந்து பாலாற்றைக் கடந்தால் எய்தலாம்.

இவ்வைந்தூர்களின் பேறு, அவை ஒருமுறை எழுதப்பட்டதனால் வந்ததன்று. 1936-37இல் ஸ்லேட்டருக்குப் பின்வந்த பேராசிரியர் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு ஆள் விடுத்து மறு ஆராய்ச்சி செய்து 1940இல் வெளியிட்டனர். 1961இல் மார்கரெட் ஹாஸ்வெல் என்னும் ஆங்கிலப் பெண்மணி மூன்றாமுறை சென்றார். 1971இல் மால்கம் ஆதிசேஷையா நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்த அறிஞர் 1980களில் நான்காமுறை சென்றனர். இருவேல்பட்டை ஆராய்ந்தவர் எஸ். குகனும் ஜோன் மென்சரும். அவ்விருவேல்பட்டிற்கே 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் என்போர் ஐந்தாமுறை சென்று 2010இல் எழுதினர். ஓர் ஊரைத் தொண்ணூறாண்டுக்குமேல் விடாது நோக்கிய இத்தகைய ஆவணம் உலகின் பிற பகுதிகளிலும் அரிது.

மீண்டுஞ் சென்றதனால் தெரிந்தது யாது? 1916இல் இருவேல்பட்டின் நிலத்திற் பெரும்பகுதி ஒரு பெருங்குடும்பத்தின் பிடியில் இருந்தது. கடனாற் கட்டுண்ட படியாட்கள் அந்நிலத்தில் உழைத்தனர். 2008இல் அப்பிடி பெரிதும் தளர்ந்திருந்தது. படியாள் முறை ஒழிந்திருந்தது. ஊரார் பலர் உழவுக்குப் புறம்பான வேலைகளை நாடியிருந்தனர். இம்மாற்றத்தை எது செய்தது என்று ஊகித்துச் சண்டையிட வேண்டுவதில்லை. இடையிடையே எடுத்த கணக்குகள் உள. நியாயவிலை அரிசி, பள்ளி, அரசாங்க உதவிகள், வெளியூர் வேலை ஆகியன உழைப்பாளனை நிலக்கிழாரின் கையை எதிர்பாராது நிற்கச் செய்த வகையை அவை காட்டுகின்றன. அரிசியை மலிவாகக் கொடுத்தல் வீண்செலவு என்று நம்மவருள்ளும் பேசுவாருளர். அது பசியை மாற்றியதோடு, கடனுக்கு அடிமையாதலையும் குறைத்தது என்பதனை அறியவேண்டின் இத்தகைய நெடுங்கணக்கு வேண்டும்.

இனி, கணக்கெடுத்தார்க்கும் கணக்கைப் படிப்பார்க்கும் பொதுவானதொரு தவறுண்டு. பலவற்றை ஒன்றாகக் கூட்டிச் சராசரி கண்டு மகிழ்தலே அது. உழவர் கடனைப் பற்றிச் சத்தியநாதன் என்பார் 1935இல் அளித்த அறிக்கை, கடன் மலைபோற் பெருகியிருந்ததனைக் காட்டிற்று. 1938இல் இராஜாஜி மந்திரிசபை உழவர் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அச்சட்டம் நிலத்தில் உரிமையோ குத்தகையோ உடையாரையே உழவர் எனக் கொண்டது. நிலமற்ற கூலியாள் அதன் வாயிலுக்கு வெளியே நின்றான். பின்னர் யுத்தகாலத்தில் நெல்விலை ஏறிற்று. உழவர் கடன் குறைந்துவிட்டதென்று எங்கும் பேச்செழுந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த நாராயணசாமி நாயுடு அரசாங்கத்தின் பொருட்டு இதனை ஆராய்ந்து 1946இல் அறிக்கை கொடுத்தார். மொத்தக் கடன் குறைந்ததென்பது உண்மையே. ஆயினும் அவர் குடிகளை நிலத்தளவால் பிரித்துக் கண்டபோது, பெருநிலமுடையார் கடன் குறைந்திருக்க, நிலமற்றார் கடன் ஏறியிருந்தது. மொத்தக் கணக்கு மகிழ்ச்சியைச் சொல்லிற்று. பிரித்த கணக்கு துயரைச் சொல்லிற்று. இரண்டும் ஒரே ஏட்டிலுள்ள உண்மைகளே.

இதனை நம் சங்கத்தார் பிறர் கதையென்று கேட்டுவிட்டுப் போதல் தகாது. சாதிகளைப் பற்றிய கணக்குகளிலும் இது நிகழ்ந்துளது. 1969இல் அமைந்த சட்டநாதன் குழு பிற்பட்ட வகுப்பினர் நிலையை ஆராய்ந்து 1970இல் அறிக்கை தந்தது. பிற்பட்டோர்க்கென ஒதுக்கிய இடங்களிற் பெரும்பங்கைச் சில சாதியாரே பெற்றுவருகின்றனர் என்றும், மிகப் பிற்பட்டோரைத் தனியே பிரித்து இடமளித்தல் வேண்டுமென்றும் அது கூறிற்று. அரசாங்கம் 1971இல் பிற்பட்டோர் ஒதுக்கீட்டை நூற்றுக்கு 25இலிருந்து 31ஆக உயர்த்தியது. மிகப் பிற்பட்டோரைப் பிரித்தது 1989இல். கூட்டிக்கொடுக்க ஓராண்டு போதியதாயிருந்தது. பங்கிட்டுக்கொடுக்கப் பதினெட்டாண்டு வேண்டியிருந்தது. ஆராய்ச்சி சொல்வதில் நமக்கு இனியதனை உடனே ஏற்று, இன்னாததனை ஒத்திவைக்கும் வழக்கம் அரசாங்கத்திற்கு மட்டும் உரியதன்று, சங்கங்களுக்கும் உண்டு.

இதற்கு இன்னொரு சான்றும் உளது. 1901ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் ரிஸ்லி என்பவர் சாதிகளை உயர்வுதாழ்வு பற்றி வரிசைப்படுத்த முற்பட்டபோது, நாடெங்கும் சாதிச் சங்கங்கள் விழித்தெழுந்தன. அக்காலத்தும் அதன் பின்னும் அவை அரசாங்கத்திற்கு எழுதிய விண்ணப்பங்கள் எண்ணில. அவற்றில் எம் குலம் இன்ன வருணத்தது, எம் பெயரை இவ்வாறு எழுதுக என்று வேண்டியவை மிகுதி; எம் குலத்தில் எழுத்தறியாப் பெண்கள் இத்துணையர், இவர்க்குப் பள்ளி வேண்டும் என்று வேண்டியவை குறைவு. பெயர் மாறிற்று, பள்ளி பல ஆண்டு பிந்தி வந்தது. எல்லாச் சாதிகளையும் எண்ணி வெளியிட்ட குடிமதிப்பு 1931இலதே இறுதி. இனி வரும் குடிமதிப்பில் சாதியும் எண்ணப்படுமென்று 2025 ஏப்ரல் 30ஆம் நாள் மத்திய அரசாங்கத்தார் அறிவித்தனர். மீண்டும் ஒரு வாய்ப்பு நம்முன் வருகின்றது. தலையெண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டுதற்கும் பெயர்ப்பெருமைக்கும் இதனைச் செலவிடுவோமா, நம்முள் நலிந்தார் யார் என்று அறிதற்குச் செலவிடுவோமா என்பதே வினா.

குடிமதிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டுவதுமில்லை. ஸ்லேட்டர் செய்தது பொருட்செலவு மிக்கதன்று. ஒரு வினாத்தாளும் விடுமுறையும் ஊர்ப்பிள்ளைகளுமே அவர் கருவி. இவை மூன்றும் நம்மிடம் உள. நெமிலிச்சேரியின் தோற்றம் நம் கண்முன்னே மாறுகின்றது. வயலாயிருந்த இடம் மனையாகின்றது; மின்சார ரயிலும் வெளிவட்டச்சாலையும் அயலூராரை நாடோறும் கொணர்கின்றன. இன்று எழுதாவிடின் பத்தாண்டு கழித்து எது எவ்வாறிருந்தது என்று சொல்வாரிலர். ஆதலின் சங்கத்தின் கிளைதோறும் இளைஞர் வீடுவீடாகச் சென்று ஐந்து வினாக்களைக் கேட்டெழுதுமாறு வேண்டுகின்றோம். குடியிருக்கும் மனைக்குப் பட்டா யார் பெயரில் உளது? வீட்டுப் பிள்ளைகள் எவ்வகுப்போடு நின்றனர், ஏன் நின்றனர்? கடன் எவ்வளவு, யாரிடம், எதற்கு? குடிநீர் எங்கிருந்து வருகின்றது? வேலை எங்கே, அது நிலையானதா, நாட்கூலியா?

எழுதுங்கால் மூன்று விதிகளைக் கொள்க. ஆண்களைக் கேட்ட வினாவைப் பெண்களையும் தனியே கேட்க. கடனை வாங்குபவர் ஒருவராகவும் அதனை வட்டியோடு அடைப்பவர் ஒருவராகவும் இருத்தல் பல வீடுகளில் உண்டு. வாய்ச்சொல்லை ஏட்டோடு ஒப்பிடுக. யாம் ஆசிரியத்தொழில் புரிவோமாதலின் அறிவோம், பிள்ளை படிக்கின்றான் என்று வீட்டார் சொல்லும்போதே பள்ளிப் பதிவேடு அவன் நின்ற நாளைக் காட்டிநிற்கும். இவ்வாறு அறிந்ததனை வீட்டுப்பெயரோடு பிறர்க்கு வெளியிடாது தொகையாக மட்டும் வெளியிடுக. நம்பிச் சொன்னார்க்கு இழிவு நேருமாயின் அடுத்தமுறை கதவு திறவாது. மூன்றாவது விதியே தலையாயது. ஐந்தாண்டு கழித்து அதே வீடுகளுக்கு அதே வினாக்களோடு மீண்டும் செல்க.

சேரித்தெரு, கூலித்தெரு இவற்றின் வீடுகளையும் இக்கணக்கிற் சேர்க்க என்பது எம் வேண்டுகோள். நம் சங்கத்துப் பொருளைக் கொண்டு அயலார் வீட்டை எண்ணுவதெற்றுக்கு என்று ஒருவர் கேட்கலாம். திரமென்கீர் காட்டிய முடிச்சை நினைவுகூர்க. ஒரு தெருவின் மனைப்பட்டா இன்னொரு தெருவின் கையில் இருந்ததனாலன்றோ அவ்வறுமை விளைந்தது? ஒரு தெருவை மட்டும் எழுதிய கணக்கில் அக்குறை ஒருக்காலும் தோன்றாது. நம் வீட்டில் நீர் வற்றியதென்று மட்டும் எழுதினால் அது முறையீடு. ஊரில் எவ்வெவ் வீட்டில் நீர் உளது, எவ்வெவ் வீட்டில் இல்லை என்று எழுதினாலே அஃது ஆராய்ச்சி. முன்னதனைக் கேட்கும் அதிகாரி நம்மை ஒரு கட்சியாரென எண்ணுவார். பின்னதனைக் கேட்பவர் மறுக்க இயலாது நிற்பார்.

கணக்கு நமக்குப் பெருமை தருவதாகவே அமையுமென்று யாம் உறுதி கூறோம். நம்மவருள் வட்டிக்கு விடுவோர் கொடுமையும், மகளைப் படிப்பினின்று நிறுத்தியவர் பிழையும் அதில் வெளிப்படக்கூடும். வெளிப்படட்டும். 1892இல் கொடுத்த நிலம் பிறர் கைக்குச் செல்வதனை ஊரார் அறியாதிருந்தாரல்லர்; அறிந்ததனை எழுதாதிருந்தனர். அங்ஙனம் எழுதாது விட்டதற்கு விலை கொடுத்தவர் அந்நிலத்தின் பேரப்பிள்ளைகள். நம் பேரப்பிள்ளைகள்மேல் அவ்விலை சாராதிருக்க, வருகின்ற கோடை விடுமுறையிலேயே இப்பணியைத் தொடங்குமாறு கிளைச் சங்கத்தாரை வணக்கத்துடன் கேட்டுக்கொள்கின்றோம்.